பெரியவளுக்கு ஒரு கதவு, சின்னவனுக்கு ஒரு கதவு

கேள்வி: எங்கள் நாய் செவலைக்கு எட்டு வயது. வீட்டுக்குள் இருக்கும்வரை தங்கமான பெண். வெளியே கூட்டிக்கொண்டு போனால்தான் வினை. எதிரே ஒரு நாய் தெரிந்துவிட்டால் போதும், கயிறு அறுந்துவிடும்போலப் பாய்ந்து குரைப்பாள். சைக்கிளைக் கண்டாலும் அப்படித்தான். துணைக்கு ஒரு குட்டி வந்தால் சரியாகிவிடும் என்று பலரும் சொன்னதால், ஐந்து வாரத்துக்கு முன் சுட்டியைக் கொண்டுவந்தோம். அவனுக்கு இப்போது 13 வாரம். இரண்டு பேரையும் சேர்த்தே நடக்கக் கூட்டிப்போகிறோம். போன வாரத்திலிருந்து அவளோடு சேர்ந்து அவனும் குரைக்கிறான். வீட்டில் அவள் காதைப் பிடித்துத் தொங்குகிறான், வாலைக் கடிக்கிறான். அவள் உறுமினால் என் கணவர் அவளை அதட்டுவார். முந்தாநாள் அவள் உறுமவே இல்லை, திடீரென்று அவன் முகத்தில் பாய்ந்துவிட்டாள். மூக்கின் மேல் ஒரு சின்னக் கீறல். ஆனால் இரவில் அவன் தூங்கிய பிறகு மெல்ல வந்து மோந்து பார்த்துவிட்டுப் போகிறாள். இவள் அவனையும் கெடுத்துவிடுவாளா? யாராவது ஒருவரை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டுமா? இந்த வயதில் அவளைப் பழக்க முடியுமா?

பதில்: இன்றைக்கே நிறுத்த வேண்டிய இரண்டு விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பேசுவோம். ஒன்று, இருவரையும் சேர்த்து நடக்கக் கூட்டிப்போவது. இன்னொன்று, செவலை உறுமும்போது அவளை அதட்டுவது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது மூக்குக் கீறல் அல்ல. "உறுமவே இல்லை" என்ற வார்த்தைதான். உறுமல் நாயின் பேச்சு. "போதும், தள்ளிப் போ" என்பதை யாருக்கும் காயமில்லாமல் சொல்ல அவளுக்கு இருக்கும் வழி அது. அதற்கு முன்பே அவள் வேறு விதங்களில் சொல்லியிருப்பாள். முகத்தைத் திருப்பியிருப்பாள், தூக்கம் வராமலே கொட்டாவி விட்டிருப்பாள், உதட்டை நக்கியிருப்பாள், எழுந்து வேறு இடத்துக்குப் போயிருப்பாள். குட்டிக்கு அது புரியவில்லை, விடாமல் பின்னாலேயே போயிருப்பான். கடைசியில் உடம்பு விறைத்து, வாயை இறுக மூடி, ஓரக்கண்ணால் பார்த்து, உறுமியிருப்பாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வந்து அதட்டினால் அவளுக்குப் புரிவது என்ன? உறுமினால் வம்பு வரும் என்பது. குட்டி மீதுள்ள எரிச்சல் அதனால் குறையாது. எச்சரிக்கை மட்டும் காணாமல் போகும். சொல்லாமல் கடிக்கும் நாய்களில் பலவும் ஒரு காலத்தில் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தவைதான்.

உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, சின்னவனைக் காப்பாற்றத்தான் பார்த்தார். இனிமேல் உறுமல் கேட்டால் அவர் கூப்பிட வேண்டியது சுட்டியை. உற்சாகமான குரலில் கூப்பிட்டு, வந்தால் ஒரு துண்டு தீனி. வராவிட்டால் போய்த் தூக்கிக்கொள்ளட்டும். செவலையிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அவள் சொன்னதை வீட்டில் ஒருவர் கேட்டார் என்பது தெரிந்தாலே அவளுக்குப் பாதி பாரம் குறையும்.

சரி, அந்தக் கீறல். ஒரே முறை பாய்ந்து, உடனே விட்டு, அதோடு அவள் விலகிப் போய்விட்டாளா? அப்படியானால் அது கண்டிப்பு. வளர்ந்த நாய்க்குத் தன் பல்லின் மீது நல்ல கட்டுப்பாடு உண்டு. கடித்துக் குதற நினைத்திருந்தால் கீறலோடு நின்றிருக்காது. ஆனால் அவன் ஓடிய பிறகும் துரத்தினாளா, கவ்விப் பிடித்து உலுக்கினாளா, பல் இறங்கிக் குழி விழுந்ததா, சத்தமே இல்லாமல் அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாளா? இதில் ஒன்றுக்காவது ஆமாம் என்று பதில் வந்தால் இந்தப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்காதீர்கள். இருவரையும் முழுவதுமாகப் பிரித்துவைத்துவிட்டு, நேரில் வந்து பார்க்கக்கூடிய நடத்தை நிபுணர் ஒருவரைத் தேடுங்கள்.

அடுத்தது மருத்துவர். எட்டு வயது நாய் என்றால் பயிற்சிக்கு முன்னால் உடம்பைத்தான் பார்க்கச் சொல்வேன். நடத்தைச் சிக்கல் என்று நிபுணர்களிடம் அனுப்பப்படும் நாய் பூனைகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோவொரு வலி இருக்கிறது என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை கணக்கிட்டது. மூட்டுத் தேய்மானம், பல் வலி, காதில் சீழ், கண் மங்குவது, காது மந்தமாவது, தைராய்டு குறைவது என்று இந்த வயதில் எதுவும் இருக்கலாம். நாய் வலியை முனகிக் காட்டுவது குறைவு. படுத்து எழும்போது முதல் நாலடி விறைப்பாக வைக்கிறாளா, படியேறத் தயங்குகிறாளா, ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கிறாளா, ஒரு பக்கமாக மெல்லுகிறாளா என்று இரண்டு நாள் கவனியுங்கள். அவள் நடப்பதையும் எழுந்திருப்பதையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போவது நல்லது, ஏனென்றால் மருத்துவரின் மேசை மேல் பயத்தில் எல்லா நாயும் நேராகத்தான் நிற்கும். காலை நேரத்தில் மட்டும் சீறும் ஒரு நாயை என்னிடம் கொண்டுவந்தார்கள். பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. இடுப்பு வலிக்கு மருந்து ஆரம்பித்ததும் மூன்று வாரத்தில் காலைச் சீற்றம் நின்றது. எல்லாக் கதையும் அவ்வளவு சுலபமாக முடியாது, ஆனாலும் பார்க்காமல் விடக்கூடாது.

'துணைக்கு ஒரு குட்டி' என்ற யோசனை பற்றி ஒரு வார்த்தை. இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. மற்ற நாய்களைக் கண்டால் பதறும் ஒரு நாயின் வீட்டுக்குள், எந்நேரமும் கூடவே இருக்கும், சொன்னால் கேட்காத, ஊசிப் பல் வைத்த இன்னொரு நாயைக் கொண்டுவந்து விடுவது எப்படி மருந்தாகும்? தெருவில் எதிர்ப்படும் நாயாவது ஒரு நிமிடத்தில் கடந்து போய்விடும். இவன் போவதே இல்லை. ஐந்து வாரமாக அவள் இதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்பதே எனக்கு அவள் மேல் மரியாதையை உண்டாக்குகிறது. வந்தது வந்துவிட்டது. ஆனால் அவன் அவளைத் திருத்த வந்தவன் என்ற எண்ணத்தையும், அவள் அவனை வளர்க்க வேண்டியவள் என்ற எண்ணத்தையும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த சில மாதங்களுக்கு அவர்களை ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு குடித்தனக்காரர்களாக நினையுங்கள். நட்பு வந்தால் வரட்டும், அதற்கு அவசரமில்லை.

அவள் அவனைக் கெடுப்பாளா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டுமென்று யாரும் யாரையும் கெடுப்பதில்லை, ஆனால் குட்டிகள் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. தென்னாப்பிரிக்காவில் போலீஸ் நாய்க் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1997இல் வெளிவந்தது. ஆறு வார வயதிலிருந்து பன்னிரண்டு வாரம்வரை, தாய் போதைப்பொருளைத் தேடி எடுப்பதைச் சும்மா பார்த்திருந்த குட்டிகள், பார்க்காத குட்டிகளைவிடப் பின்னாளில் அதே வேலையை நன்றாகச் செய்தன. 2018இல் வந்த இன்னோர் ஆய்வில், எட்டு வாரக் குட்டிகள் முன்பின் பார்த்திராத பெரிய நாயைப் பார்த்தும் பெட்டி திறக்கக் கற்றுக்கொண்டன. பெட்டி திறப்பதைக் கற்பவன் குரைப்பதைக் கற்க மாட்டானா? "தூரத்தில் நாய் தெரிந்தால் நாம் கத்த வேண்டும் போலிருக்கிறது" என்று சுட்டி ஒவ்வொரு நடையிலும் பாடம் படித்துக்கொண்டிருக்கிறான்.

சேர்த்து நடத்தக் கூடாது என்பதற்கு இதைவிட அவசரமான காரணமும் உண்டு. உச்சத்தில் குரைத்துக்கொண்டிருக்கும் நாயால் எதிரே உள்ள நாயை எட்ட முடியாது. அந்த வேகத்தில் சட்டென்று திரும்பிப் பக்கத்தில் இருப்பவரைக் கவ்விவிடும். அது கயிறாக இருக்கலாம், உங்கள் முழங்காலாக இருக்கலாம், சுட்டியாகவும் இருக்கலாம். அதில் கோபமோ வன்மமோ கிடையாது, ஆனால் காயம் உண்மை. எனக்கு இது பட்டறிவு. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் என் இரண்டு நாய்களையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு போனேன். சின்னதின் காதில் இன்றும் ஒரு வெட்டு இருக்கிறது.

சுட்டிக்கு இப்போது 13 வாரம் என்பதால் அவனுடைய வேலையைத் தள்ளிப்போட முடியாது. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் சொன்னது இன்றும் பெரிதாக மாறவில்லை. மூன்று வாரத்திலிருந்து ஏறத்தாழ 12, 14 வாரம்வரைதான் புதிய மனிதர்கள், சத்தங்கள், பிராணிகள் எல்லாவற்றையும் குட்டி எளிதாக ஏற்றுக்கொள்ளும் பருவம். அது முடியும் தறுவாயில் இருக்கிறான். அதற்காக இன்றோடு எல்லாம் போயிற்று என்று அர்த்தமில்லை, இனிமேல் மெல்லப் பழக்க வேண்டும், அவ்வளவுதான். தினமும் ஒருமுறை அவனைத் தனியாக வெளியே கொண்டுபோங்கள். தடுப்பூசித் தொடரின் கடைசி ஊசி வழக்கமாக 16 வாரத்திலோ அதற்குப் பிறகோதான் வரும். அதுவரை எங்கே தரையில் விடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மற்ற இடங்களில் தூக்கிக்கொண்டே போகலாம். ஓரிடத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் உலகத்தை வேடிக்கை பார்த்தால் போதும். சைக்கிள் போகிறது, ஒரு துண்டு. நாய் போகிறது, ஒரு துண்டு. திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, இன்னொரு துண்டு.

பார்க்கிற நாயிடமெல்லாம் கொண்டுபோய் முகம் காட்டாதீர்கள். "பழகட்டுமே" என்று நல்ல மனதோடுதான் எல்லோரும் செய்கிறார்கள். அப்படி வளர்ந்த குட்டி, பெரியவனானதும் எந்த நாயைக் கண்டாலும் அங்கே போயே ஆக வேண்டும் என்று கயிற்றை இழுத்துக் கத்தும். பயத்தில் கத்துவது ஒரு வகை, போக விடவில்லையே என்று கத்துவது இன்னொரு வகை. பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். அவனுக்குத் தேவை, குட்டிகளைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்த, தடுப்பூசி போட்ட, நிதானமான பெரிய நாய் ஒன்றோ இரண்டோ. செவலையிடம் கிடைக்காத நாய்ப் பழக்கத்தை அங்கே கற்கட்டும்.

இப்போது செவலைக்கு வருவோம். பழக்க முடியுமா என்றால், முடியும். எட்டு வயது நாய் குட்டியைவிட நன்றாகக் கவனம் வைக்கும். ஆனால் அவள் ஊர் நாய்களோடெல்லாம் கொஞ்சிக் குலாவும் நாளை எதிர்பார்க்காதீர்கள். எதிரே நாய் வந்தால் உங்களைப் பார்த்துவிட்டுக் கூடவே விலகி நடந்து வருவாள், அதை எதிர்பார்க்கலாம். என் கணக்கில் அது பெரிய வெற்றி.

எல்லாமே தூரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு எல்லைத் தூரம் உண்டு. அதற்கு அப்பால் நாய் தெரிந்தால் காது நிமிரும், பார்ப்பாள், ஆனால் நீங்கள் கூப்பிட்டால் திரும்ப முடியும். அதைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் காதில் எதுவும் ஏறாது. உங்கள் பயிற்சி முழுவதும் அந்த எல்லைக்கு வெளியே நடக்க வேண்டும். அது நூறு அடியா முந்நூறு அடியா என்று அவள்தான் சொல்வாள். தீனியை அவள் எடுக்கும் விதத்தைப் பாருங்கள். மெதுவாக உதட்டால் எடுத்தால் இடம் சரி. விரலோடு சேர்த்துப் பிடுங்கினால் நெருங்கிவிட்டீர்கள், இருபது அடி பின்னால் போங்கள். தொடவே இல்லை என்றால் ரொம்பவே நெருங்கிவிட்டீர்கள், வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

அந்தத் தூரத்தில் நின்றுகொண்டு செய்ய வேண்டியது சின்ன வேலைதான். நாய் கண்ணில் படுகிறது, அதை அவள் பார்க்கிறாள், அதன் பிறகு உங்கள் கை பைக்குள் போகிறது, அவளுக்குப் பிடித்த இறைச்சித் துண்டு ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. நாய் மறைந்ததும் தீனியும் நின்றுவிட வேண்டும். வரிசை மாறக் கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். நாயைத் தூரத்தில் பார்த்துவிட்ட பதற்றத்தில் முதலில் இவர்கள் பையைத் துழாவுவார்கள், அப்புறம்தான் அவள் நாயைப் பார்ப்பாள். நாலு நாளில் "பையில் சத்தம் கேட்டால் நாய் வரப்போகிறது" என்று அவள் தீனியைப் பார்த்தே விறைக்கத் தொடங்குவாள். முதலில் நாய், பிறகு தீனி. சில வாரங்களில் ஒருநாள், தூரத்து நாயைப் பார்த்ததும் அவளே திரும்பி "எங்கே என் துண்டு?" என்று உங்களைப் பார்ப்பாள். அன்றைக்கு மட்டும் பை காலியாகும்வரை கொடுங்கள். அதன் பிறகே தூரத்தைக் குறைக்கலாம், அதுவும் பத்துப் பத்து அடியாக.

குரைக்கும்போது தீனி கொடுத்தால் குரைப்பதற்குப் பரிசு கொடுத்தது ஆகாதா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். ஆகாது. பயந்திருப்பவருக்குச் சாப்பாடு கொடுத்தால் அவர் இன்னும் அதிகமாகப் பயப்படப் பழகிவிடுவாரா? அவள் யோசித்துச் செய்யும் காரியத்தை நாம் இங்கே தொடவில்லை, அதற்கு அடியில் உள்ள உணர்ச்சியைத்தான் மாற்றப் பார்க்கிறோம். இருந்தாலும் குரைத்துக்கொண்டிருக்கும் நேரம் பயிற்சி நேரம் அல்ல, வெளியேறும் நேரம். அதற்கு "வா போலாம்" என்று ஒரு வார்த்தையை வீட்டுக்குள்ளேயே பழக்கிவையுங்கள். சொன்னதும் இருவரும் திரும்பி எதிர்ப்பக்கம் வேகமாக நடக்க வேண்டும், அது அவளுக்கு விளையாட்டாக இருக்க வேண்டும். வாசலில் நூறு முறை செய்திருந்தால்தான் தெருவில் ஒரு முறை வேலை செய்யும்.

அப்புறம், சில நாட்களில் சைக்கிளுக்குச் சும்மா இருப்பவள் சில நாட்களில் காற்றில் பறக்கும் காகிதத்துக்கே குரைப்பாள். அடுப்பில் வைத்த பால் பொங்குவது ஒரு நொடியில்தான், ஆனால் சூடு பத்து நிமிடமாக ஏறிக்கொண்டிருக்கும். காலையில் குட்டி காதைக் கடித்தது, வாசலில் யாரோ மணியடித்தது, மதியம் தூக்கம் கெட்டது எல்லாம் சேர்ந்துதான் மாலையில் அந்தக் காகிதத்தின் தலையில் விழுகிறது. மோசமான நாளில் நடையை ரத்து செய்யத் தயங்காதீர்கள். தினமும் வெளியே போயே ஆக வேண்டும் என்பது நாம் எழுதிக்கொண்ட சட்டம். அதற்குப் பதிலாக வீட்டில் தீனியை ஒளித்துவைத்து மோப்பம் பிடித்துத் தேடச் சொல்லுங்கள். இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு ஆடிய நாய்கள், முன்பின் தெரியாத சூழ்நிலையை நல்ல எதிர்பார்ப்போடு அணுகின என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. வயதான மூட்டுகளுக்கும் அதில் பெரிய சிரமம் இல்லை.

கருவிகள் பற்றிச் சுருக்கமாக: மார்புப் பட்டை, ஆறேழு அடிக் கயிறு, கையில் தொய்வு. அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டை, முள் பட்டை வேண்டவே வேண்டாம். நாயைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கழுத்து வலித்தால் நாய் என்றாலே வலி என்றுதான் அவள் மனதில் பதியும், நாம் கட்டுவதற்கு நேர் எதிரான வேலை அது. கூடை வடிவ வாய்மூடியை மட்டும் இப்போதிருந்தே பழக்குங்கள். அதற்குள் தீனியைப் போட்டு அவளே மூக்கை விட்டு எடுக்கும்படி இரண்டு மூன்று வாரம் பழக்கினால் அடம்பிடிக்காமல் போட்டுக்கொள்வாள். வாயைத் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமிருக்க வேண்டும்.

வீட்டுக்குள் என்ன செய்வது? தலைப்பில் சொன்ன கதவுதான். செவலைக்கு ஒரு இடம் வேண்டும், சுட்டியின் மூக்குகூட நுழைய முடியாத இடம். குழந்தைகளுக்காகப் போடும் தடுப்பு கேட் ஒன்று போதும். அவள் விரும்பி உள்ளே போவாள், விரும்பி வெளியே வருவாள், அடைத்துவைப்பது அவளை அல்ல. சாப்பாடு, எலும்பு, பொம்மை மூன்றும் கதவுக்கு இருபுறமும் தனித்தனியாக. யாரும் பார்க்காத நேரத்தில் இருவரும் ஒரே அறையில் இருக்கவே கூடாது, ஒரு நிமிடம் என்றாலும்.

சேர்ந்திருக்கும் நேரத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்குங்கள், தினமும் இரண்டு மூன்று முறை. சுட்டி தூங்கி எழுந்து, வெளியே போய்வந்து, கொஞ்சம் விளையாடி அடங்கிய பிறகு. அவன் முதுகில் மார்புப் பட்டையோடு ஒரு லேசான கயிறு தரையில் இழுபடட்டும், தேவைப்பட்டால் காலால் மிதித்து நிறுத்தலாம். அவள் முகத்தைத் திருப்பும்போதே அவனைக் கூப்பிட்டுவிடுங்கள், உறுமல்வரை காத்திருக்க வேண்டாம். இருவரும் விளையாடுகிறார்களா சண்டையா என்று சந்தேகம் வந்தால் சுட்டியைச் சில விநாடி பிடித்து நிறுத்துங்கள். அவள் திரும்பி அவனிடம் வந்தால் விளையாட்டு. உடம்பை உலுப்பிவிட்டு விலகிப் போனால் "அப்பாடா" என்கிறாள், அன்றைக்கு அது போதும்.

பெரும்பாலான வீடுகளில் கலவரம் நடப்பது மாலையில். குட்டி வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுவான், கண்டதையெல்லாம் கடிப்பான், சக்தி அதிகம் என்று நினைத்து இன்னும் ஓடவிடுவார்கள். அது தூக்கம். இந்த வயதில் நாளின் பெரும்பகுதி தூங்க வேண்டியவனை யாராவது எழுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்து இரண்டு மணி நேரம் கூண்டிலோ தடுப்புக்குள்ளோ படுக்கவையுங்கள். குட்டி தூங்கினால் செவலையும் தூங்குவாள். நீங்களும்.

எப்போது சேர்த்து நடக்கலாம்? தேதி சொல்ல மாட்டேன். முதலில் இருவரும் தனித்தனியாகக் கயிறு தொய்வாக நடக்க வேண்டும், பெயர் சொன்னால் அந்தப் பெயருக்குரியவர் மட்டும் திரும்ப வேண்டும். பிறகு நாய்களே வராத இடத்தில், இரண்டு ஆட்கள், இரண்டு கயிறு, நடுவில் பத்தடி விட்டு இணையாக நடந்து பாருங்கள். தூரத்தில் நாய் தெரிந்தால் இரண்டு ஆட்களும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட வேண்டும். சுட்டிக்கு எட்டு மாதம் ஆகும்போது இன்னொரு சோதனை வரும். பிரிட்டனில் 2020இல் வெளியான ஆய்வில், ஐந்து மாதத்தில் உரிமையாளர் சொன்னால் உட்கார்ந்த நாய்கள் எட்டு மாதத்தில் அவர் சொன்னால் கேட்பது குறைந்தது, வேறு ஆள் சொன்னால் கேட்பது அப்படிக் குறையவில்லை. வீட்டில் பதின்வயதுப் பிள்ளை இருந்தால் உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அந்தச் சில மாதங்களில் செவலையின் பொறுமையும் குறையலாம், குட்டி என்று இதுவரை கொடுத்த சலுகையை நிறுத்திக்கொள்வாள். அப்போது கதவுகளை மறுபடி மூடுங்கள்.

இப்போது அந்தக் கடினமான கேள்வி. ஒருவரைக் கொடுத்துவிடலாமா? இப்போது வேண்டாம், எட்டு வாரம் இதையெல்லாம் செய்து பாருங்கள். மருத்துவர் சரியென்றால் பதற்றத்துக்கான மருந்தும் உண்டு. ஃபுளுவாக்ஸெடின் போன்றவை வேலை செய்வது தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், பயிற்சியோடு சேர்த்துத்தான் பயன். அதற்குப் பிறகும் அவள் அவனைக் குறிவைத்துத் தேடிப்போய்த் தாக்கினால், அல்லது நாள் முழுக்க மறைவில் படுத்துச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தால், வேறு வீடு பார்க்க வேண்டியது சுட்டிக்கு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஐந்தாறு மாதக் குட்டிக்கு நல்ல வீடு கிடைக்கும், புது மனிதர்களோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்வான். எட்டு வயதில், நாயைக் கண்டால் குரைக்கும் செவலையை யார் எடுப்பார்கள்? எடுத்தாலும் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? கொடுக்க நேர்ந்தால் அதைத் துரோகம் என்று நினைத்து உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள், எதையும் மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள்.

ஆனால் அவ்வளவு தூரம் போகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு விஷயத்தால். இரவில் அவன் தூங்கிய பிறகு வந்து மோந்து பார்க்கிறாள் என்றீர்கள். அவனைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை இருக்கிறது, அவன் அசையாமல் இருக்கும்போது மட்டும். அந்த நேரத்தில் அறையில் யாரும் பேச வேண்டாம், விளக்கைப் போட வேண்டாம், போட்டோ எடுக்க வேண்டாம். அவன் தடுப்புக்குள் தூங்கட்டும், அவள் வெளியே நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மோந்து பார்க்கட்டும். எவ்வளவு நேரம் நிற்கிறாள், போகும்போது வால் எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டில் உள்ளதை எனக்கு எழுதுங்கள்.